முட்டைகளை உறங்க வை

மலையடி மருத்துவ விடுதி
27 பிப்ரவரி 1999

என்னைவிட ஏழு வயது மூத்த என் தங்கச்சி உல்ஜானுக்கு, சின்னவளாக இருந்தும் மூத்த மருமகளாகிவிட்ட சைராவின் சலாம்.

மாமா நலமா? ஆடுகள் நலமா? குட்டி போடும் பட்டிக்குப் போன நம் வீட்டுக்காரர்கள் இருவரிடமிருந்தும் செய்தி உண்டா? என் மீரிம் சாப்பிடுகிறாளா, அழுகிறாளா? நான் நலம். இருமல் மெல்ல உறங்கத் தொடங்கியிருக்கிறது.

நலம் விசாரித்து முடித்ததும் எல்லோரும் கடிதத்தில் ஒரு சொல் எழுதுவார்களே, அதை நம் வீட்டுப் பெண்கள் எழுத முடியாது. மாமாவின் பெயர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. நீ வந்த புதிதில் வண்டிக்காரரைப் பார்த்து அந்தச் சொல்லைக் கத்தித் தெருவே திரும்பிப் பார்த்ததே, மறந்துவிட்டாயா? எதிர்வீட்டுக் கலிபா அக்கா, "மாமனார் பேரைச் சந்தியில வெச்சுக் கூவுறாளே, இவள எந்த ஊர்லேர்ந்து புடிச்சாங்க?" என்று கேட்டாள். அன்றைக்கே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். மழையானாலும் வண்டியானாலும் கடிகாரமானாலும் நமக்கு உறங்கியதுதான். அதனால் அந்தச் சொல் இல்லாமலே விஷயத்துக்குத் தாவுகிறேன்.

மார்ச் பத்தாம் தேதி பெட்டியில் முட்டை வைக்க வேண்டும். பழைய குளிர்பெட்டியில் என் வீட்டுக்காரர் செய்த இன்குபேட்டர் என்று நீ சிரிப்பாய். போன வசந்தத்தில் அது தொண்ணூறு குஞ்சு பொரித்தது. நாலு பல்பும் எரிகிறதா பார். சூடு முப்பத்தேழரையைத் தாண்டக் கூடாது, இறங்கவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை ஒரு நாளைக்கு மூன்று முறை சாய்த்தால் உள்ளே தட்டு சாயும், முட்டைகள் புரளும். அவ்வளவுதான்.

இலையுதிர் காலத்து நோயில் தெருவில் கோழி என்று சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை. பக்கத்து ஊர்ச் சொந்தங்களிடம் கெஞ்சி ஒன்பது வீட்டாரும் வாங்கி வரப்போகும் முட்டைகள் அவை. என்னை நம்பித்தான் தருகிறார்கள். வேறு யார் கையிலும் விடமாட்டேன், உன் கையில் விடுகிறேன்.

மீரிமின் காதில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு.

சைரா

*

கரா-தல்
10 மார்ச் 1999

வயதில் சின்ன, வரிசையில் பெரிய சைரா அக்காவுக்கு உல்ஜானின் சலாம்.

மாமா நலம், ஆடுகள் நலம். மேலே பட்டியிலிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: உப்பு வேண்டுமாம். மீரிம் நலம். அவளைப் பற்றி நீ கவலைப்படாதே. உனக்குப் பசி எடுக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று எழுது.

இன்று காலை முட்டை வைத்தாயிற்று. நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் வீட்டு அடையாளம் போட்டிருக்கிறேன். கலிபா அக்கா பதினாறு முட்டையைச் சால்வைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். என் கையில் தரவில்லை, மேசைமேல் வைத்தாள். "சைரா இருந்தா கவலையில்ல. ரெண்டாந்தாரமா வந்தவ கை பட்ட முட்ட பொரிக்குமான்னுதான் யோசனையா இருக்கு" என்றாள். நான் ரெண்டாந்தாரம் இல்லை, எனக்குத்தான் இது ரெண்டாவது கல்யாணம் என்று சொல்ல வாய் வரை வந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இது பொய்த்துப் போனால் என் காலடி சரியில்லை என்று தெருவே சொல்லும். வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. வெளியே போய்விட்டு வந்ததும் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் குளிர் காய்கிறார். "நல்ல அடுப்பும்மா இது, விறகே வேணாம்" என்கிறார்.

அடுத்து என்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாள் போட்டு எழுது. வண்டிக்காரர் எசென்பெக் புதனும் சனியும் வருகிறார்.

உல்ஜான்

*

மலையடி மருத்துவ விடுதி
17 மார்ச் 1999

தங்கச்சி உல்ஜானுக்கு,

எல்லோருக்கும் என் சலாம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

சந்தோஷமான செய்தியை முதலில் சொல்கிறேன். இருமல் உறங்கிவிட்டது. மாத்திரைகளையும் உறங்க வைத்தாயிற்று. வாராவாரம் எடை பார்க்கிறார்கள், ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறேன். இப்படியே ஏறினால் குஞ்சு பொரிக்கும் சமயத்துக்கு என்னை வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். மீரிமிடம் சொல்.

எசென்பெக் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். அவசரமாக எழுதுகிறேன். ஏழாம் நாள் ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் கூமுட்டை, எடுத்துவிடு. பதினெட்டாம் நாள் காலை முட்டைகளை உறங்க வை. தண்ணீர்த் தட்டை நிரப்பு. அதற்குப் பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் மூடியைத் திறக்காதே. இருபத்தோராம் நாள் சத்தம் கேட்கும்.

சைரா

*

கரா-தல்
24 மார்ச் 1999

சைரா அக்காவுக்குச் சலாம்.

உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இருமல் உறங்கிவிட்டது என்ற இடத்தில் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். உன் தலையணை உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

வெளிச்சத்தில் பார்த்தேன். பதினைந்து கூமுட்டை. மீதித் தொண்ணூற்றேழிலும் உயிர் இருக்கிறது! ஒன்றை மீரிமிடம் காட்டினேன். "உள்ள சிலந்தி இருக்கு பெரியம்மா, அது கால ஆட்டுது" என்று கத்தினாள். வரிசைப்படி நான் சித்திதான். என் தலை நரையைப் பார்த்து அவளே பெரியம்மா ஆக்கிவிட்டாள்.

நூரூஸ் புத்தாண்டு அன்று கரண்ட் போய்விட்டது. எல்லோரும் கோதுமைக் கூழ்க் கொப்பரையைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வெந்நீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆறு பாட்டிலை உள்ளே வைத்துக் கம்பளி போர்த்தினேன். நாலு மணி நேரம். சூடு முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. கலிபா அக்காவே வந்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வருகிற ஞாயிறு பதினெட்டாம் நாள். நீ எழுதியபடியே செய்கிறேன், ஒரு எழுத்துக்கூடத் தவறாது.

உல்ஜான்

*

கரா-தல்
31 மார்ச் 1999

மரியாதைக்குரிய சைரா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமா நலம். மீரிம் நலம். ஆடுகள் நலம். பனி உருகுகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். எசென்பெக் அவசரப்படுத்துகிறார், அதனால் முடித்துக்கொள்கிறேன். காய்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.

உல்ஜான்

*

மலையடி மருத்துவ விடுதி
3 ஏப்ரல் 1999

உல்ஜான்,

சலாம் எல்லாம் அப்புறம். இருபத்தோராம் நாளில் கடிதம் எழுதுகிறாய், ஆடு நலம் என்கிறாய், பனி உருகுகிறது என்கிறாய், முட்டை என்ற ஒரு சொல் இல்லை! தயிர் உருண்டையைக் கேட்டேனா நான்? எசென்பெக்கைக் கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், உங்க வீட்டுப் பொம்பள முகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பொட்டலத்தக் குடுத்துட்டுப் போயிடுச்சு" என்கிறார்.

என்ன ஆயிற்று? பல்பு வெடித்ததா? கரண்ட் போயிற்றா? எவ்வளவு செத்தது? எல்லாமேவா? எதுவானாலும் எழுது. தெரியாமல் இங்கே படுத்துக்கிடக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, "ஏன் இப்படிப் பொரளுற, உனக்குள்ளயும் யாராச்சும் கைப்பிடியச் சாய்க்கிறாங்களா?" என்று கேட்கிறாள்.

ஒரே ஒரு வரி எழுது. அது போதும்.

சைரா

*

கரா-தல்
7 ஏப்ரல் 1999

சைரா அக்காவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஐம்பத்தெட்டுக் குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன. இனி மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி.

பதினெட்டாம் நாள் காலை நான் பல்புகளை அணைத்துவிட்டேன். பெட்டிமேல் கம்பளியும் போர்த்தினேன். எங்கள் ஏரிக்கரை ஊரில் விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், விளக்கு கோபித்துக்கொள்ளும். உறங்க வை என்பார்கள். நீ உறங்க வை என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் கழித்துப் பிறக்கப்போகிற குஞ்சுகள், இருட்டில் தூங்கட்டும் என்கிறாய் என்று நினைத்தேன். மூடியைத் திறக்காதே என்று வேறு எழுதியிருந்தாய். கிட்டேயே போகவில்லை.

சாயங்காலம் மாமா வந்து கையை வைத்தார். "என்னம்மா இது, அடுப்பு செத்துக் கெடக்கு?" என்றார்.

"ஒறங்க வெச்சிருக்கேன் மாமா."

"யார?"

"முட்டைங்கள. அக்காதான் எழுதிச்சு."

அவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் நீ பதினெட்டாம் நாள் செய்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவராம். "கைப்பிடியச் சாய்க்கறதத்தான் விடச் சொல்லியிருக்கா. அத எழுத எம் பேரு குறுக்க வந்திருக்கு" என்றார்.

ஒன்பது மணி நேரம் குளிரில் கிடந்திருக்கின்றன, அக்கா. பல்பைப் போட்டு, வெந்நீர் பாட்டில் வைத்து, பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. இருபத்தோராம் நாள் கலிபா அக்கா கூடையோடு வந்துவிட்டாள். "என்னடி, கணக்குப்படி இன்னிக்குத்தானே? எங்க ஒண்ணயும் காணோம்?" என்றாள். இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொய் சொன்னேன். அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். எழுதக் கை வரவில்லை. இருபத்திரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. என் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை, மடித்து வைத்தேன், அவ்வளவுதான்.

இருபத்து மூன்றாம் நாள் மத்தியானம் மீரிம் ஓடி வந்தாள். "பெட்டிக்குள்ள யாரோ கதவத் தட்டுறாங்க!" என்றாள். அவள் காதுக்குத்தான் முதலில் கேட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் பதினேழு, மறுநாள் நாற்பத்தொன்று. சனிக்கிழமை வண்டி வந்தபோது என் கை, மடி, எல்லாம் குஞ்சு, எழுத முடியவில்லை.

அக்கா, இனி நான் கேட்கிறேன். அந்தச் சொல்லால் நான் பட்டதற்குப் பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடியும் படித்தேன். இருமல் உறங்கிவிட்டது என்கிறாய். போய்விட்டதா, இல்லை சும்மா கண்ணை மூடிக் கிடக்கிறதா? மாத்திரைகளை உறங்க வைத்தாயிற்று என்கிறாய். யார் வைத்தது? டாக்டரா, நீயா?

மாமா கீழே தன் கையாலேயே எழுதுகிறார்.

உல்ஜான்

மருமகள் சைராவுக்கு, தோக்தோசுன் எழுதுவது. நலம். நிற்க. எனக்கு முன்னால் பிறந்த நாலு பேரும் தங்கவில்லை. சாவு இத்தோடு நிற்கட்டும் என்று என் தாய் வைத்த பெயர் இது. அந்தப் பெயராலேயே தொண்ணூற்றேழு உயிர் போகப் பார்த்தது. இனி முட்டை விஷயத்திலும் மருந்து விஷயத்திலும் நீங்கள் இரண்டு பேரும் என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், எழுதலாம். எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. மற்ற நேரத்தில் வேண்டாம், தெரு சிரிக்கும்.

*

மலையடி மருத்துவ விடுதி
17 ஏப்ரல் 1999

அன்புள்ள உல்ஜானுக்கு,

எல்லோரும் நலமா? மாமாவுக்கு என் சலாம். ஐம்பத்தெட்டு என்பதே பெரிய விஷயம், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. தப்பு என்னுடையது.

குஞ்சுகளுக்கு இன்னும் ஒரு வாரம் பல்பு முழங்கை உயரத்தில் இருக்கட்டும். பல்புக்கு அடியில் ஒட்டிக்கிடந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. அவித்த மஞ்சள் கருவைத் தினையோடு பிசைந்து கொடு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடு, இல்லாவிட்டால் விழுந்து நனைந்து சாகும். பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெந்நீர்த் துணியால் துடை. இழுத்துப் பிய்க்காதே. ஈரக் காற்று படக்கூடாது.

இங்கே ஆப்ரிகாட் மரங்கள் பூத்துவிட்டன. நான் நலம்.

சைரா

*

கரா-தல்
21 ஏப்ரல் 1999

சைரா,

இன்றைக்கு அக்கா என்று எழுதவில்லை. ஏழு வயது மூத்தவளாக எழுதுகிறேன்.

மரம் பூத்துவிட்டதாம். ஆடு நலம், பனி உருகுகிறது என்று நான் எழுதினேனே, அதே கடிதத்தைத்தான் நீ எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். அதை எழுதும்போது என் பெட்டிக்குள் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியும். உன் பெட்டிக்குள் என்ன கிடக்கிறது?

இந்த வீட்டில் யாருக்கும் நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் வீட்டுக்காரர் லாரி கவிழ்ந்து செத்தார் என்றுதான் இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். லாரி இல்லை. உனக்கு வந்திருக்கும் அதே காசநோய். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, சோறு இறங்கவில்லை என்று மூன்றாவது மாதம் விட்டுவிட்டார். விட்டதும் பசி எடுத்தது, கன்னம் உப்பியது, இருமலும் அடங்கியது. நாங்கள் ஆடு வெட்டி விருந்து வைத்தோம். ஆறாவது மாதம் அது திரும்பி வந்தது. அப்போது கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. சொன்னால் என்னை எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள் என்று லாரியைச் சொன்னேன்.

மாமாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். அவர் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "அவளுக்கு எழுது. இன்னிக்கே எழுது" என்றார்.

மாமா அனுமதி கொடுத்திருக்கிறார், என் வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதுகிறேன்: மாத்திரையை நிறுத்தாதே. நிறுத்தாதே, சைரா. நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் இன்றைக்கே போய்ச் சொல்.

உல்ஜான்

*

கரா-தல்
19 மே 1999

சைரா அக்காவுக்கு,

எட்டு முறை வண்டி வந்துவிட்டது. எட்டு முறையும் எசென்பெக் வெறுங்கையை விரித்துக் காட்டுகிறார். விடுதியில் கேட்டால், "வேற கட்டடத்துக்கு மாத்திட்டோம், அங்க யாரையும் விடமாட்டோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார்களாம். கோபித்துக்கொண்டாயா? நான் எழுதியது அதிகமா? கோபத்திலாவது ஒரு வரி எழுது.

இங்கே குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. ஒன்பது வீட்டுக்கும் பங்கு கொடுத்தாயிற்று. கலிபா அக்கா தன் குஞ்சுகளை முகத்தோடு வைத்து மோந்து பார்த்துவிட்டு, "உங்கையி நல்ல கையிதான்டி, கொஞ்சம் லேட்டு" என்றாள். ஒன்றுக்கு மட்டும் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து நடக்க முடியாமல் கிடந்தது. சிவப்புக் கம்பளி நூலால் இரண்டு காலையும் இடைவெளி விட்டுக் கட்டினேன். ஐந்தாம் நாள் நடந்தது. மீரிம் அதற்கு உன் பெயர் வைத்திருக்கிறாள். "சைரா தின்னுச்சா, சைரா தூங்குச்சா" என்று நாள் முழுக்க விசாரிக்கிறாள்.

சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அதே வண்டியில் ஏறி நானே வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே நாலு சனிக்கிழமை போய்விட்டது. மாமாவையும் குழந்தையையும் விட்டுவிட்டு வரமுடியவில்லை. என்னை அலைய வைக்காதே, அக்கா.

உல்ஜான்

*

மலையடி மருத்துவ விடுதி, பின் கட்டடம்
12 ஜூன் 1999

என்னைவிட ஏழு வயது மூத்த உல்ஜான் அக்காவுக்கு, சைராவின் சலாம்.

வரிசை கிடக்கட்டும், இனி இப்படித்தான் கூப்பிடுவேன்.

மாமா நலமா? நீ நலமா? மீரிம் நலமா? என் பெயர் கொண்ட அந்தக் கோழி நலமா?

நிற்க.

எழுதிவிட்டேன், பார்.

நான்தான் விட்டேன், அக்கா. மார்ச் தொடக்கத்தில் எசென்பெக், "ஒம் பொண்ணு உல்ஜான அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா, கவலைய விடு" என்றார். என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்துத்தான் சொன்னார். அன்று ராத்திரிக் கஞ்சியோடு மாத்திரையும் வாந்தியாக வந்தது. எடை ஏறினால் வீட்டுக்கு விடுவார்கள் என்று தெரியும். அன்றிலிருந்து மாத்திரைகளை நாக்குக்கு அடியில் வைத்து, பிறகு மெத்தைக் கிழிசலில் போட்டேன். சோறு இறங்கியது. எடை ஏறியது. உனக்கு உறங்க வைத்தாயிற்று என்று எழுதினேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை. அந்தச் சொல் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

உன் லாரிக் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்குள் வைத்திருந்தேன். நாலாம் நாள் மெத்தையைப் பிரித்து எல்லா மாத்திரைகளையும் தட்டில் கொட்டி டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "மருந்த மறுபடியும் மொதல் நாள்லேர்ந்து எண்ணணும்" என்றார். இந்தக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். இங்கிருந்து ஆறு வாரம் கடிதம் போகவும் கூடாது, வரவும் கூடாது. உன் மே மாதத்துக் கடிதத்தை நேற்றுத்தான் கொடுத்தார்கள். இது போகிற முதல் கடிதம்.

எப்போது வீட்டுக்கு வருவேன் என்று தெரியவில்லை. இலை உதிரும்வரை இருக்க வேண்டும் என்கிறார்கள், பனி விழும்வரை என்றும் சொல்கிறார்கள். மீரிம் உன்னை அம்மா என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். நீ அதை எனக்கு எழுதாமல் மறைத்தாய். இனி அதையும் எழுது.

மாமாவிடம் நான் சொன்னதாக இப்படியே படித்துக் காட்டு. அவர் பெயரைத் தெரிந்தே எழுதுகிறேன்.

இருமல் இன்னும் நிற்கவில்லை. மாத்திரையையும் நிறுத்தவில்லை.

சைரா